அறுபது புள்ளிக்கு மேலே சோறு இல்லை

படுவான்கரைப் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியாது என்று 2009 ஆம் ஆண்டு ஆனி மாதம் ஒரு சுற்றுநிருபம் கண்டுபிடித்தது.

சண்டை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வாவிக்கு மேற்கே கிடக்கும் அந்தக் கரையில் உயிருக்குப் பயந்து நாலு தரமாவது ஓடாத பிள்ளை ஒன்றை யாராவது காட்டினால், அது போன கிழமை பிறந்த பிள்ளையாக இருக்கும். காட்டுக்கு ஓடி, வாவியைக் கடந்து ஓடி, முகாமுக்கு ஓடி, முகாமிலிருந்து மறுபடி ஊருக்கு வந்து சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். என்றாலும் சுற்றுநிருபம் சுற்றுநிருபம்தான். திட்டத்தின் பெயர் ‘ஓடி எழுவோம்’. ஆரம்பப் பிரிவு மாணவரிடையே உடற்தகுதியையும் விளையாட்டு மனப்பாங்கையும் கட்டியெழுப்புதல் அதன் நோக்கம். பதினொரு பக்கம். இரண்டு இடத்தில் முத்திரை.

உன்னிச்சைக் குளத்துக்கு அங்கால், அறுபத்தொரு பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலை ஒன்றுக்கு அது வந்து சேர்ந்தது. அதிபர் வேலப்போடி முதல் பக்கத்தை மட்டும் படித்தார். பிறகு தன் பாடசாலையின் மூன்று ஆசிரியர்களுடைய கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மங்கையற்கரசி டீச்சரின் காலில் வெள்ளைச் சப்பாத்து இருந்தது. குதிக்கால் நோவுக்கு டொக்டர் போடச் சொன்ன சப்பாத்து. அந்த நிமிடத்திலிருந்து அவள் உடற்கல்வி ஆசிரியை ஆனாள்.

“நான் கணக்குப் படிப்பிக்கிற ஆள் சேர்” என்றாள்.

“இதுவும் கணக்குத்தான் புள்ள. எத்தின செக்கன், எத்தின மீற்றர் எண்டு எழுதிறதுதானே.”

அதிபர் எவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது அவருக்கே அப்போது தெரியாது.

மங்கையற்கரசிக்கு நாற்பத்திரண்டு வயது. வீடு செட்டிபாளையத்தில். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டு, வாவியைக் கடந்து, இரண்டு பஸ் மாறி, கடைசி மூன்று மைலைச் சைக்கிளில் மிதித்து வருகிறவள். அந்தச் சுற்றுநிருபத்தை அலுமாரியில் மற்றச் சுற்றுநிருபங்களோடு படுக்கவைத்திருப்பாள். ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டியதுதான் வினையாகப் போயிற்று.

ஒன்பதாம் பக்கத்தில் சோறு இருந்தது.

அந்தப் பாடசாலையில் தினமும் பத்தே முக்காலுக்கு ஒரு நேரச் சாப்பாடு. சுனாமிக்கு வந்த ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனம் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஏற்பாடு. பொறுப்பு இப்போது திட்ட அலுவலகத்தின் கையில். புஸ்பம் என்ற மனிசி சமைப்பாள். சோறும் பருப்பும், ஒருநாள் பூசணி, ஒருநாள் கூனி இறால் சுண்டல், வெள்ளிக்கிழமை ஆளுக்கு அரை முட்டை. இந்தச் சாப்பாடு தொடங்கும் முன்னம் பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இருபத்திமூன்று. தொடங்கிய மூன்றாம் கிழமை அறுபத்தொன்று. கணக்கு டீச்சருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பந்தி ஏழு (அ) சொன்னது: உடற்தகுதிப் பரீட்சையில் நூற்றுக்கு நாற்பது புள்ளிக்குக் குறைவாகப் பெறும் பாடசாலையில் உணவு பயனளிக்கவில்லை என்பது உறுதியாவதால், உணவு நிறுத்தப்படும்.

பந்தி ஏழு (ஆ) சொன்னது: அறுபது புள்ளிக்கு மேல் பெறும் பாடசாலையில் உணவின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்பது உறுதியாவதால், உணவு நிறுத்தப்படும்.

மூன்று தரம் படித்தாள். எழுத்து மாறவில்லை.

பட்டினத்தில் செயலமர்வு வைத்தார்கள். திட்ட இணைப்பாளர் வினாயகமூர்த்தி நாற்பது ஆசிரியர்களை மின்விசிறி ஓடாத மண்டபத்தில் இருத்தி, தான் மேடையில் ஓடிய ஒரே மின்விசிறிக்குக் கீழே நின்று பேசினார். நல்ல மனிதர். யாரையும் ஏசமாட்டார். கையில் எப்போதும் ஒரு படிவம் இருக்கும். அதைப் பார்க்காமல் ஒரு வசனம்கூடப் பேசமாட்டார்.

“சுனாமியில நாங்க ஏன் இவ்வளவு பேர இழந்தம்? எல்லாரும் கடலைக் குறை சொல்லுறாங்க. கடல் தன்ட வேலையச் செஞ்சது. ஆராஞ்சு பார்த்தா அடிப்படைக் காரணம் உடற்தகுதிக் குறைவு. அலையின்ட வேகம் இவ்வளவு. எங்கட ஆக்கள்ற வேகம் இவ்வளவு. கழிச்சுப் பாருங்க.”

நாற்பது ஆசிரியர்களும் குறிப்பெடுத்தார்கள். மங்கையற்கரசியின் புருசன் அழகரத்தினம் மாவட்ட உதைபந்தாட்ட அணியில் இடப்பக்கம் ஓடியவர். அலை வந்த அன்றைக்கும் நன்றாகத்தான் ஓடினார், மகளைத் தேடி, கடல் பக்கமாக. அவள் கழித்துப் பார்க்கவில்லை. கொப்பியில் ‘வேகம்’ என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டு, பந்தி ஏழைப் பற்றிக் கேட்க எழும்பினாள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் சோறில்லை, ஏலாத பிள்ளைகளுக்கும் சோறில்லை என்றால் யாருக்குத்தான் சோறு என்று, முடிந்த அளவு மரியாதையாகக் கேட்டாள்.

வினாயகமூர்த்தி சந்தோசப்பட்டுப் போனார். அருமையான கேள்வி என்றார். அதற்காகத்தான் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருபது புள்ளி விட்டிருக்கிறோம், வேறு மாவட்டங்களில் பத்துத்தான் விட்டார்கள் என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலையைத் தொடங்கினாள். முதலாவது கட்டம்: உயரம், நிறை, நெஞ்சளவு. தையல்காரரிடம் அளவு நாடா இரவல் வாங்கி, பிள்ளைகளை வரிசையில் விட்டு, ஒவ்வொருவராக அளந்து எழுதினாள். அடுத்த நாள் பதினாலு பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. யார் யார் என்று பார்த்தாள். பட்டியலில் ஆக உயரமான பதினாலு பேர்.

பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேதீஸ்வரியின் வீட்டுக்குப் போனாள். கேதீஸ்வரியின் மகள் நிருஷா ஐந்தாம் வகுப்பு, பள்ளியிலேயே நெடுவல், கூப்பிட்டு முடிப்பதற்குள் வந்து நிற்கிற பிள்ளை. வீட்டில் அவளைக் காணவில்லை. கேதீஸ்வரி நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தாள்; சுளகை நிறுத்தவில்லை.

“புள்ளைக்குச் சுகமில்ல டீச்சர்.”

“என்ன சுகமில்ல?”

“வளத்தி.”

சுளகு இரண்டு தரம் மேலே போய் வந்தது. பிறகு கேதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ட மூத்தவனையும் இப்புடித்தான் அளந்தவங்க. நெஞ்சளவு பாத்த அண்டைக்கு நானும் என்னமோ சட்டை தைச்சிக் குடுக்கப் போறாங்க எண்டு நினைச்சன். மறுகா சண்டைக்குக் கொண்டுபோனாங்க, அவனக் காணல்ல. இப்ப நீங்க வந்து அளக்கிறீங்க. நீங்க நல்ல மனிசிதான். உங்கட கொப்பி ஆர்ட கைக்குப் போகும் எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்பதை மங்கையற்கரசி ஒத்துக்கொண்டாள். சோற்றுக் கதையை எடுத்துச் சொன்னாள். பதினாலு பேரும் வராவிட்டால் புள்ளி நாற்பதுக்குக் கீழே போகும், போனால் அறுபத்தொரு பிள்ளைக்கும் சாப்பாடு நிற்கும் என்றாள். நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. நாடாவைத் தாய்மாரே பிடிப்பார்கள், தாய்மாரே அளவு சொல்வார்கள், டீச்சர் எழுதிக்கொள்வாள். அதன்படி நடந்தது. இரண்டாம் தரம் அளந்தபோது பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உயரமாக இருந்தார்கள். முதலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் மூன்றடி ஐந்து அங்குலம். அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். ‘சீரான வளர்ச்சி, பாராட்டுக்கள்’ என்று பதில் வந்தது.

அடுத்தது மைதானம். படிவத்தில் மைதானத்தின் பரப்புக் கேட்டிருந்தார்கள். அதிபர் ஓர் ஏக்கர் என்று போட்டார். பொய்யில்லை. ஓர் ஏக்கரில் மிதிவெடி எடுத்து முடித்தது பள்ளிக் கட்டிடத்தைச் சுற்றியுள்ள இடமும், அங்கிருந்து குளத்துப் பக்கமாகப் போகிற ஆறடி அகலப் பாதை ஒன்றும். பாதையின் இரண்டு பக்கமும் சிவப்புக் கட்டை, கட்டைக்குக் கட்டை மண்டையோட்டுப் பலகை. நீளம் ஐம்பது மீற்றருக்குக் கொஞ்சம் கூட. பரீட்சைக்கு வேண்டியது ஐம்பது மீற்றர் ஓட்டம் என்பதால் திட்ட அலுவலகம் இதில் குறை காணவில்லை. ‘தன் பாதையை விட்டு விலகாது ஓடுதல்’ என்ற கட்டத்துக்குப் பத்துப் புள்ளி. முழுப் பத்தும் கிடைக்கும் என்று அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

கணக்கு இதுதான்: ஓட்டம் பன்னிரண்டு செக்கனில் முடிந்தால் மொத்தம் ஐம்பத்துமூன்று. பத்துச் செக்கனுக்குள் முடிந்தால் அறுபத்தைந்து, சோறு போச்சு. பதினைந்துக்கு மேலே போனால் முப்பத்தெட்டு, சோறு போச்சு. ஆகவே இலங்கையிலேயே முதல் தடவையாக ஒரு பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சுமாராக ஓடுவதற்குப் பயிற்சி தொடங்கியது. விடிய ஏழரைக்கு விசிலுக்கு ஓடினார்கள். ஏலாத பிள்ளைகளை உற்சாகப்படுத்தி ஓடவைப்பது லேசாக இருந்தது. ஏலக்கூடிய பிள்ளையை நிறுத்துவதுதான் பெரும்பாடு. நிருஷா விசிலைக் கேட்டதும் எட்டுச் செக்கனில் மற்றக் கரையில் நின்று சிரித்தாள்.

“மெதுவா புள்ள. பன்னிரண்டு வரைக்கும் மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு போ.”

“எண்ணிக்கொண்டு ஓடினாக் கால் தடுக்குது டீச்சர்.”

“தடுக்கட்டும். அதுவும் நல்லதுதான்.”

விளையாட்டு மனப்பாங்குக்குத் தனிப் படிவம். ‘தோல்வியின் போது புன்னகை’ ஐந்து புள்ளி. ‘எதிரணியைக் கைகுலுக்கிப் பாராட்டுதல்’ ஐந்து. வெல்லுகிறவனுக்கு ஒரு கட்டமும் இல்லை. இதைப் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாளே கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது எல்லாரும் நின்று, ‘நீ போ, நீ போ’ என்று ஆளுக்காள் இடம்விட்டு, சிரித்துக்கொண்டு, கைகுலுக்கிக்கொண்டு நின்றார்கள். ஓட்டம் நாலு நிமிடம் எடுத்தது. அதைத் திருத்த இன்னும் மூன்று கிழமை போனது.

ஆடி மாதக் கடைசிப் புதன்கிழமை. அன்றைக்குத்தான் பரீட்சை.

பிள்ளைகள் ஆயத்தம். நிருஷாவின் கால் கூடப் பன்னிரண்டு செக்கனுக்குப் பழகிவிட்டது. தாய்மார் எல்லாரும் வந்து கட்டிட நிழலில் இருந்தார்கள். நாடாவை யாரும் எடுக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. கூடாரம் போட்டு, கதிரை வைத்து, குத்துவிளக்கு வைத்தாயிற்று. புஸ்பம் விருந்தினருக்கும் சேர்த்து உலை வைத்தாள். எட்டரைக்கு வரவேண்டிய வினாயகமூர்த்தி பத்தே காலுக்கு வந்து, காலை வெயிலில் பிள்ளைகள் நிற்பதைப் பார்த்து நெகிழ்ந்து, உடற்தகுதியின் முதல் அடையாளம் பொறுமை என்று இருபத்தைந்து நிமிடம் பேசினார். முதலாம் வகுப்பில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அவர்களை நிழலில் கிடத்தியதும் பேச்சுத் தொடர்ந்தது.

மங்கையற்கரசி கொடியோடு ஓட்டத்தின் மறுமுனையில் நின்றாள். ஐம்பது மீற்றருக்கு அப்பால் நிருஷாவும் இன்னும் மூன்று பேரும் கோட்டில் குனிந்து நிற்பது தெரிந்தது. விசில் அதிபரின் கழுத்தில் தொங்கியது. அதிபர் அதை வாயில் வைக்கப் போனார். வினாயகமூர்த்தி கையை உயர்த்தித் தடுத்தார். தன் பையைத் திறந்து, பொலித்தீன் உறை கிழியாத புதிய சாமான் ஒன்றை வெளியே எடுத்தார். ஓட்டம் தொடங்கச் சுடுகிற கைத்துவக்கு. திட்டத்துக்கு வந்த சாமான்களில் பாவிக்காமல் கிடந்தது அது ஒன்றுதான்.

அவள் கொடியைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினாள். வேண்டாம் சேர் என்று கத்தியது தன் காதுக்கே கேட்கவில்லை. குதிக்கால் நொந்தது. பதினைந்து மீற்றர் வந்திருப்பாள்.

வெடித்தது.

மங்கையற்கரசி சிவப்புக் கட்டைகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தாள். எப்போது படுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது கோட்டில் ஒருவரும் இல்லை. நிழலில் ஒருவரும் இல்லை. அடுப்படியில் புஸ்பம் இல்லை. விசிலோடு நின்ற அதிபர் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட அலுவலர் ஐந்து பேரும் குத்துவிளக்கும் மட்டும் இருந்தன. நேரம் பார்க்கிற அலுவலர் தன் கடமைப்படி, வெடிச் சத்தத்துக்கு மணிக்கூட்டின் பொத்தானை அழுத்தியிருந்தார். கடைசிப் பிள்ளை கண்ணுக்கு மறைந்ததும் மறுபடி அழுத்தினார்.

கட்டிடத்துக்குப் பின்னால் பழைய பங்கர் ஒன்று தென்னங்குற்றி மூடியபடி கிடந்தது. எல்லாரும் அதற்குள் இருந்தார்கள். மயங்கிக் கிடந்த இரண்டு பிள்ளைகளையும் நிருஷா இடுப்புக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அறுபத்தொரு பேரும், தாய்மாரும், அதிபரும் வாயில் சீலைத் துணியையோ சட்டைக் கொலரையோ கடித்தபடி, காதைப் பொத்தியபடி, ஆளின் மேல் ஆளாக, ஒரு சத்தம் இல்லாமல்.

வினாயகமூர்த்தி வாசலில் குனிந்து பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று பேசினார்.

“அருமை. ஒருத்தரும் ஒருத்தரைத் தள்ளயில்ல. ஒருத்தரும் முந்த நினைக்கயில்ல. பெரிய புள்ளைகள் சின்னப் புள்ளைகளத் தூக்கியிருக்கு. இதைத்தான் நாங்க பதினொரு பக்கத்தில எழுதினம். இந்த ஊர் தானாகவே செஞ்சு காட்டியிருக்கு. இதுக்குப் பேர்தான் விளையாட்டு மனப்பாங்கு.”

பங்கருக்குள் யாரும் கை தட்டவில்லை. வெளியே வரலாமா என்று புஸ்பம் மட்டும் கேட்டாள். அடுப்பில் பருப்பு இருந்தது.

அளவு நாடாவைக் கொண்டுவந்து தூரம் அளந்தார்கள். கோட்டிலிருந்து பங்கர் வாசல் ஐம்பத்தெட்டு மீற்றர். ஒன்பது செக்கன். முழுப் பாடசாலையும், இரண்டு பேர் சுமையோடு. மங்கையற்கரசி மண் ஒட்டிய சேலையோடு ஓடிவந்து அவருக்கு முன்னால் நின்றாள்.

“சேர், அது ஓட்டமில்ல.”

“ஏன் டீச்சர்?”

“புள்ளைகள் பயந்து ஓடினது. உங்களுக்குத் தெரியாதா சேர்? நீங்களும் இந்த மாவட்டத்து ஆள்தானே. விசிலுக்கு ஓடவிட்டுப் பாருங்க. பன்னிரண்டு செக்கன்தான் வரும். நான் கைப்பட எழுதித் தாறன்.”

வினாயகமூர்த்தி உண்மையிலேயே யோசித்தார். படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதரில்லை என்பது அந்த ஒரு நிமிடத்தில் நன்றாகத் தெரிந்தது.

“எனக்கு விளங்குது டீச்சர். ஆனா என்னத்துக்காக ஓடினாங்க எண்டு எழுத இதில கட்டமில்லையே. தூரம் இருக்கு, நேரம் இருக்கு. தூரமும் நேரமும் இருந்தா அது ஓட்டம்தான்.”

“அப்ப சோறு?”

“சோறு என்ட பந்தியில வராது. அது ஏழு.”

அலுவலர் மற்றக் கட்டம் எல்லாவற்றுக்கும் முழுப் புள்ளி போட்டதில் மொத்தம் தொண்ணூற்றைந்து. ஐந்து புள்ளி குறைந்தது, கைகுலுக்காததற்கு. மாவட்டத்திலேயே முதலிடம். வினாயகமூர்த்தியும் நாலு அலுவலரும் புஸ்பத்தின் சோற்றைச் சாப்பிட்டு, பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தாலும் ருசி என்று சொல்லி, பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் தவணை தொடங்கிய அன்று வெள்ளிக் கிண்ணமும் கடிதமும் ஒரே வாகனத்தில் வந்தன. கிண்ணத்தை இறக்கிவிட்டு, அதே வாகனத்தில் பெரிய சோற்றுப் பானை இரண்டையும் அகப்பைகளையும் ஏற்றினார்கள். புஸ்பம் பானைகளை மினுங்க மினுங்கத் தேய்த்துக் கொடுத்தாள். இனித் தனக்கு வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என்றாலும் அழுக்குப் பானையை ஊரான் வீட்டுக்கு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. இவ்வளவு ஓடக்கூடிய பிள்ளைகளுக்குச் சமைத்துப்போட்டதற்கு ஓட்டுநர் அவளைப் பாராட்டினார்.

மேல்முறையீடு செய்யலாமா என்று மங்கையற்கரசி எழுதிக் கேட்டாள். தாராளமாகச் செய்யலாம், மாணவரின் தகுதி போதியளவு குறைந்தமைக்கு வைத்திய அத்தாட்சி இணைக்கவும் என்று பதில் வந்தது. அதோடு இன்னொரு பணிப்பும் இருந்தது: உணவு வழங்கல் நின்றதால் மீதமாகும் நாற்பது நிமிடத்தை, அதாவது பத்தே முக்கால் முதல் பதினொன்று இருபத்தைந்து வரை, மேலதிக உடற்பயிற்சிக்குப் பயன்படுத்துக. தினமும் பதிவேட்டில் எழுதுக.

முதல் கிழமை நாற்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். அடுத்த கிழமை முப்பத்தைந்து. கேதீஸ்வரி வயல் வேலைக்கு நிருஷாவையும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். இடையில் வேலை இல்லாத நாளில் மட்டும் பள்ளிக்கு அனுப்பினாள். அப்படி ஒரு நாள், புரட்டாதி மாதம் செவ்வாய்க்கிழமை, பத்தே முக்காலுக்கு மணி அடித்தது. இருபத்தாறு பிள்ளைகள் மணிச் சத்தத்துக்குப் பழக்கதோசத்தில் அடுப்படிப் பக்கம் நாலடி நடந்து, பிறகு நின்றார்கள்.

மங்கையற்கரசி அவர்களைக் கட்டிடத்தின் பின்பக்க மருத மரத்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. எல்லாரையும் நிலத்தில் மல்லாந்து படுக்கச் சொன்னாள். கையைக் காலை ஆட்டக் கூடாது, கதைக்கக் கூடாது, மெதுவாக மூச்சு விட வேண்டும். பிள்ளைகள் படுத்தார்கள். தானும் மரத்தின் வேரில் சாய்ந்து இருந்தாள்.

நிருஷாதான் தலையைத் திருப்பினாள்.

“ஓடுறதில்லையா டீச்சர் இண்டைக்கு?”

“இல்ல.”

“ஏன்?”

“ஓடினாப் பசிக்கும். பேசாமக் கிட.”

நிருஷா கண்ணை மூடினாள். காற்றில்லை. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. பிள்ளைகளின் வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, இருபத்தாறும் ஒவ்வொரு வேகத்தில்.

மங்கையற்கரசி பதிவேட்டை மடியில் விரித்தாள். ‘இன்றைய பயிற்சி’ என்ற கட்டத்தில் ‘அசையாதிருத்தல்’ என்று எழுதினாள். ‘காலம்’ என்ற கட்டத்தில் நாற்பது நிமிடம். ‘பங்குபற்றியோர்’ இருபத்தாறு. கடைசிக் கட்டம் ‘எட்டிய அடைவு’. பேனையைப் பிடித்தபடி பிள்ளைகளை ஒரு தரம் பார்த்தாள்.

‘நான்கு பேர் நித்திரை’ என்று எழுதினாள்.